ஷாங்காய்க்கு நாங்கள் போட்ட பட்ஜெட்

நெய்வேலிக்காரனிடம் பட்ஜெட் போடச் சொல்வது, மீனிடம் குடை பிடிக்கச் சொல்வது மாதிரி. வீடு கம்பெனியுடையது. பஸ் கம்பெனியுடையது. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியும் கம்பெனியுடையது. கரண்டுக்கும் தண்ணீருக்கும் பேருக்கு ஒரு தொகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். எங்கள் டவுன்ஷிப்பில் விலைவாசி என்பது பேப்பரில் படித்து, மற்ற ஊர்க்காரர்களுக்காக வருத்தப்படுகிற சமாசாரம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து, எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், என்னை ஷாங்காய்க்குப் போய்வரச் சொல்லி ஆர்டர் வந்தது.

சுரங்கத்திலிருந்து நிலக்கரியைச் சுமந்துகொண்டு ஓடுகிற ரப்பர் பெல்ட்டுகளை மேய்ப்பதுதான் என் உத்தியோகம். ஷாங்காயில் ஒரு தொழிற்சாலை அந்த மாதிரி பெல்ட்டை மலிவாகத் தருவதாகச் சொல்லியிருந்தது. அதை இழுத்து, மடக்கி, கொளுத்திப் பார்த்துச் சொல்ல நான். நான் ஒழுங்காகக் கொளுத்துகிறேனா என்று பார்க்க அக்கவுன்ட்ஸ் பொன்னுசாமி. அவருக்குச் சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். டீக்கடையில் டீ வாங்கிக் கொடுத்தாலும் அது எந்தத் தலைப்பில் செலவு என்று மனசுக்குள் எழுதிக்கொள்கிற மனிதர். தங்குமிடம் சீனாக்காரர்கள் பொறுப்பு, சாப்பாடு எங்கள் பொறுப்பு, அதற்குத் தினப்படி டாலரில் கிடைக்கும் என்று ஆர்டரில் இருந்தது.

தினப்படி என்ற வார்த்தை என் மனைவி வசந்தா காதில் விழுந்த நிமிஷமே அந்தப் பணம் என்னுடையதாக இல்லாமல் போயிற்று. எங்கள் மகள் மலர்விழி பதினோராம் வகுப்பு. கிளப்பில் டேபிள் டென்னிஸ் ஆடுகிறவள். மெட்ராஸில் மாநில அணிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். சைனா பேட் ஒன்று இருந்தால் தேறிவிடுவாள் என்று கிளப் கோச் சொல்லியிருந்தார். மெட்ராஸில் ஒரே ஒரு கடையில் அது இருந்ததாம். கடைக்காரன் சொன்ன விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகை வாங்கலாம். ஆகவே நான் ஷாங்காய் போவது பெல்ட்டைப் பார்க்க அல்ல, பேட் வாங்க என்று வீட்டில் முடிவாயிற்று.

பட்ஜெட்டை வசந்தாதான் போட்டாள். அதில் வரவு உண்டு, செலவு கிடையாது. நிதி மந்திரிகள் வந்து பாடம் படிக்க வேண்டும். காலையில் விடுதியில் எது ஓசியில் கிடைக்கிறதோ அது. மதியம் அவல். ராத்திரியும் அவல். சீனாவில் ரூமுக்கு ரூம் பிளாஸ்கில் வெந்நீர் வைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த வெந்நீரை அவலில் ஊற்றி, வடித்து, புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைந்தால் சாப்பாடு முடிந்தது.

"நீங்க ஒரு வேளை ஓட்டல்ல உட்கார்ந்தா, பேட்ல ஒரு பக்கம் போச்சுன்னு வெச்சுக்குங்க" என்றாள்.

இன்னொரு விதியும் இருந்தது. கடைசி நாள்வரை நான் எந்தக் கடைக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. இதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு முறை ஜெர்மனிக்குப் போனபோது, இறங்கிய முதல் நாளே குயில் கூவும் கடிகாரம் ஒன்றை வாங்கிவிட்டேன். மிச்ச நாளெல்லாம் பட்டினி. ஊருக்கு வந்த பிறகு அந்தக் குயில் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. அதனால் முதலில் மிச்சம் பிடிப்பது, கடைசியில் கடை.

பிளாக்கில் விஷயம் பரவியது. எதிர் குவார்ட்டர்ஸ்காரர் பிளாஸ்க் கேட்டார். பக்கத்து வீட்டம்மா பேனா கேட்டார், ஆறு. எல்லோரும் மறக்காமல் ஒன்றைச் சொன்னார்கள்: உங்களுக்குத்தான் தினப்படி மிச்சமாகுமே.

ஷாங்காயில் இறங்கியபோது குளிர் காதைக் கடித்தது. ரோடு முழுக்க சைக்கிள். எங்கள் ஊரில் முதல் ஷிப்ட் விடுகிற நேரத்தில் சைக்கிள்கள் வருமே, அந்த மாதிரி நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தன. ஷிப்ட் மட்டும் முடிகிறபாடில்லை. எங்களை அழைக்க வந்திருந்தவள் மொழிபெயர்ப்பாளர் லின். இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும். ரேடியோ கேட்டே இங்கிலீஷ் படித்தாளாம். அதனாலோ என்னவோ, எதைச் சொன்னாலும் செய்தி வாசிப்பதைப் போலச் சொன்னாள்.

விடுதியில் நாங்கள் டாலரை மாற்றினோம். அப்போது சீனாவில் வெளிநாட்டுக்காரனுக்குத் தனி நோட்டு. ஊர்க்காரர்கள் வைத்திருக்கிற நோட்டு வேறு. காசிலும் ஜாதி பார்க்கிற ஊர் நம்முடையது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ரூமில் சொன்னபடியே பிளாஸ்க் இருந்தது. அவலை நனைத்தோம், புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறந்தோம். வராந்தாக் கோடியில் சாவிகளோடு உட்கார்ந்திருந்த அம்மாள் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து கதவைத் தட்டினாள். ஏதாவது தீய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்தாளாம். ஒரு வாய் கொடுத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் மிகுந்த இரக்கத்தோடு பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பிளாஸ்க் வெந்நீர் வந்தது.

சாயங்காலம் விருந்து என்றார்கள். தொழிற்சாலையின் துணைத் தலைவர் ஜோ என்பவர் வாசலில் நின்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். வட்ட மேஜை. ஐந்து பதார்த்தம் வந்ததும் முடிந்தது என்று நினைத்து வயிற்றை நிரப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் விருந்தே ஆரம்பித்தது. கோழி காலோடு வந்தது. மீன் தலையோடு வந்தது, அதுவும் தலையை என் பக்கம் திருப்பி வைத்தார்கள், மரியாதையாம். கடலடியில் கிடக்கிற ஏதோ ஒன்று வழுக்கி வழுக்கி வந்தது. அதற்குப் பேர் கேட்டேன். லின் சொன்னாள். கேட்காமலே இருந்திருக்கலாம். பொன்னுசாமி எதற்கும் பேர் கேட்கவில்லை. வந்ததையெல்லாம் வழியனுப்பிவிட்டு என் பக்கம் சாய்ந்து, "இன்னிக்கு செலவு நில், சார், சுத்த சைபர்" என்றார்.

மறுநாளும் விருந்து. அதற்கு மறுநாள் யாரோ ஒரு சங்கத்துக்காரர்கள் கொடுத்தார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாங்கள் நாலாவது நாளும் இலைக்கு, அதாவது தட்டுக்கு, முதல் ஆளாக உட்கார்ந்தோம். தினப்படி அப்படியே சட்டையின் உள்பையில் கதகதப்பாக இருந்தது. மலருக்கு ஒரு பேட் இல்லை, இரண்டு வாங்கலாம், வசந்தாவுக்குப் பட்டு எடுக்கலாம், பக்கத்து வீட்டம்மாவுக்குப் பேனாவும் ஆறு வாங்கலாம் என்று ரூமில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வசந்தாவின் பட்ஜெட்டில்கூட இவ்வளவு உபரி கிடையாது.

பகலில் தொழிற்சாலை. நெய்வேலியைப் பெயர்த்துக்கொண்டுபோய்க் குளிரில் வைத்தால் அதுதான். வரிசையாகக் குவார்ட்டர்ஸ். தொழிற்சாலைப் பள்ளிக்கூடம், தொழிற்சாலை ஆஸ்பத்திரி. கேண்டீனில் டோக்கன். ஆளுக்கொரு எனாமல் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கியூவில் நிற்கிறார்கள், நாங்கள் எவர்சில்வர் டம்ளரோடு நிற்கிற மாதிரி. முன்னால் நிற்கிறவனுக்கு மட்டும் கறி அதிகமாக விழுந்துவிட்டது என்று பின்னால் நிற்கிறவன் முறைப்பதும் அதே மாதிரிதான். என்ன சொல்லித் திட்டுகிறான் என்று லின்னிடம் கேட்டேன். "நீ பரிமாறுகிறவளுக்குச் சொந்தமா என்று கேட்கிறார்" என்றாள். எனக்குச் சொந்த ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

பெல்ட்டைச் சோதிக்க மூன்று பேர். அவர்களில் மூத்தவர் கு என்கிற அம்மாள். நீலத் தொப்பி, கை முட்டிவரை ரப்பர் கரி. நான் இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டால் இரண்டு தடவை இழுத்துக் காட்டினார். சாயங்காலம் ஆனதும் எங்களை விருந்துக்குக் காரில் ஏற்றுவார்கள், அவர்கள் மூவரும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கேண்டீனுக்குப் போவார்கள். விருந்துக்கு வந்தவர்களெல்லாம் பெல்ட்டைத் தொட்டே பார்க்காதவர்கள். இதிலும் எங்கள் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் வித்தியாசம் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் ஓய்வு கொடுத்தார்கள். கார் வேண்டாம், நாங்களே ஊரைச் சுற்றிப் பார்க்கிறோம் என்று வீரமாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம். ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வேடிக்கை பார்க்க ஆரம்பித்தோம். கண்டக்டர் பெண் வந்து கையை நீட்டினாள். இருபது வருஷப் பழக்கம், கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்க் கம்பெனி அடையாள அட்டையை எடுத்து நீட்டியது. அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் போட்டோவையும் என்னையும் பார்த்தாள். பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தாள். அட்டை பஸ் முழுக்க ஒரு சுற்று போய்வந்தது. ஒரு கிழவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழ் எழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் எனக்கு உறைத்தது, இது கம்பெனி பஸ் இல்லை என்று. எங்களிடமிருந்த நோட்டுக்குச் சில்லறை அந்த பஸ்ஸிலேயே கிடையாது. கடைசியில் ஒரு மாணவன் எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்தான்.

அவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தது. உங்கள் ஊரில் பஸ்ஸுக்குக் காசு கிடையாதா என்று கேட்டான். பொன்னுசாமி உண்மையைச் சொன்னார். பஸ், வீடு, மருந்து, எல்லாவற்றையும் சொன்னார். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் பொதுவுடைமைக்கு எங்களுக்கு முன்னாலேயே நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்" என்றான். கேலியா, பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை. வழி தப்பிப் போன எங்களைப் பெரிய கடைத்தெரு வரைக்கும் கொண்டுவந்து விட்டதும் அவன்தான். அங்கே ஒரு விளையாட்டுச் சாமான் கடை. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக பேட்டுகள். விதி விதிதான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

ஐந்தாம் நாள் சோதனை முடிந்தது. பெல்ட் தேறிவிட்டது. மத்தியானம் லின் வந்து, நாளைச் சாயங்காலம் உங்கள் விருந்து, எத்தனை மேஜை சொல்லட்டும் என்று கேட்டாள். எங்களுக்கு இன்னொரு விருந்து என்றுதான் நினைத்தேன். இல்லை, நீங்கள் கொடுக்கிற விருந்து என்றாள். வந்தவர்கள் ஊருக்குக் கிளம்புமுன் பதில் விருந்து கொடுத்துவிட்டுப் போவதுதான் இங்கே வழக்கம். உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்றாள், செய்தி வாசிக்கிற அதே குரலில்.

உள்பையிலிருந்த கதகதப்பு போன இடம் தெரியவில்லை.

பொன்னுசாமி உடனே தன் சாஸ்திரத்தைப் புரட்டினார். விருந்து கொடுக்க நம் ஆர்டரில் தலைப்பே கிடையாது, கொடுத்தால் நம் தினப்படிதான். ஆகவே நாளைக்கு இருவருக்கும் வயிற்றுப்போக்கு என்றார், லின்னுக்குப் புரியாத தமிழில். நாலு நாளாக நாங்கள் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதும் உண்மைதான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. விருந்து என்றால் பேட் இல்லை. மலர் கிளப்பிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்து, அப்பா எப்போ வருவாங்க என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

நான் வாயைத் திறக்குமுன் லின் இன்னொன்றும் சொன்னாள். பதில் விருந்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்பது விருந்தாளிகளின் இஷ்டம். ஆகவே சோதனைப் பிரிவு மூவரையும் நாங்கள் கூப்பிடுவோம் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். நாங்கள் தினமும் விருந்து சாப்பிட்ட ஓட்டலில் அவர்கள் இதுவரை சாப்பிட்டதில்லை.

"கு அம்மாள் காலையில் என்னிடம் கேட்டார், எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வருவது என்று" என்றாள்.

அதற்கப்புறம் எங்கள் இருவருக்கும் வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. லின் போன பிறகு பொன்னுசாமி உள்பையிலிருந்த பணத்தை எடுத்து ஒரு தடவை எண்ணினார்.

"நம்மூர்ல மொய் வாங்கிக்கினு திருப்பிச் செய்யாம இருந்தா, நாளைக்கு எவன் சார் நம்ம வூட்டு வாசப்படி மிதிப்பான்? நாலு நாளா மூக்குப் புடிக்கத் தின்னுகினு இருந்தோம். எம் பங்கு பாதி நான் போடறேன்" என்றார்.

அவருடைய உள்பையிலும் ஒரு பட்ஜெட் இருந்திருக்கும். அது என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டு மேஜை. செலவைக் குறைக்க நான் ஒரு தந்திரம் செய்தேன். இந்திய உணவு ஒன்றும் உண்டு என்று அறிவித்துவிட்டு, மிச்சமிருந்த அவலையெல்லாம் ஓட்டல் சமையல்காரரிடம் கொடுத்து, மிச்சமிருந்த புளிக்காய்ச்சலையெல்லாம் போட்டுப் பிசைந்து, பூப்போட்ட தட்டில் குவித்து நடுவில் வைத்தோம். ஜோ ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. எழுந்து நின்று கோப்பையைத் தூக்கி, இரு நாட்டு நட்பைப் பற்றி நாலு வார்த்தை பேசி, அந்தத் தட்டை நாசூக்காக அடுத்த மேஜைக்கு அனுப்பிவிட்டார். அங்கே கு அம்மாள் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கரி போன கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, கோழி, மீன், நண்டு ஒவ்வொன்றையும் அவசரப்படாமல், ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். எனக்குப் பணம் போகிற வயிற்றெரிச்சலையும் மீறி அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்திருந்தது.

பில் வந்தது. உள்பைகள் இரண்டும் காலி. நாலைந்து சின்ன நோட்டுதான் மீந்தது.

மறுநாள் காலை, கிளம்புகிற நாள். விதிப்படி கடைக்குப் போக வேண்டிய நாளும் அதுதான். பேட்டில் ஒட்டுகிற ரப்பரை ஒரு பக்கத்துக்காவது வாங்கிக்கொண்டு போகலாம், மறுபக்கத்துக்கு அடுத்த தடவை வருகிறேன் என்று சீனாக்காரனிடம் சொல்லலாம் என்று லின்னைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண்ணிடம் நல்ல பேட்டாக, பந்தயத்துக்கு ஆடுகிற பேட்டாக, விலை கேட்கச் சொன்னேன். அவள் சொன்னாள். லின் மொழிபெயர்த்தாள். திருப்பிக் கேட்கச் சொன்னேன். மறுபடியும் அதே விலைதான். முந்தின ராத்திரி இரண்டு மேஜைக்கும் வாங்கி ஊற்றிய ஆரஞ்சுக் கலர் தண்ணி இருக்கிறதே, அதைவிடக் குறைவு.

ஒரு வாரம் மத்தியானமெல்லாம் அவலைத் தின்று, கடைப் பக்கம் முகத்தைத் திருப்பி, பதில் விருந்துக்கு வயிற்றுப்போக்கு வரை யோசித்தது இதற்காகத்தான். பட்ஜெட் போட்ட நாங்கள் ஒருவராவது விலை என்ன என்று கேட்கவில்லை. மெட்ராஸ் கடைக்காரன் சொன்னதுதான் உலக விலை என்று நம்பினோம். சந்தோஷமாகவும் இருந்தது, யாரையாவது பிடித்து அறையலாம் போலவும் இருந்தது. பக்கத்தில் அறையத் தோதாக என்னைத் தவிர யாரும் இல்லை.

ஒன்று கொடுங்கள் என்றேன். கடைக்காரப் பெண் இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்றுக்குக் கைப்பிடி நீளம். இன்னொன்றுக்குக் கட்டைவிரல் அளவுதான். அவள் ஏதோ கேட்டாள்.

"உங்கள் மகள் பேட்டை எப்படிப் பிடிப்பாள் என்று கேட்கிறார். கை குலுக்குவது மாதிரியா, பேனா பிடிப்பது மாதிரியா?" என்றாள் லின்.

நான் யோசித்தேன். மலர் சாப்பிடுவது ஞாபகம் வந்தது. பின்னலைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொள்வது, ஷூ லேஸ் கட்டுவது, பையை மாட்டிக்கொண்டு கிளப்புக்குக் கிளம்புவது எல்லாம் வந்தது. பேட் மட்டும் வரவில்லை. அவள் ஆடப் போகிற நேரத்தில் நான் ஷிப்ட்டில் இருப்பேன், இல்லாவிட்டால் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பேன். ஐந்து வருஷமாக ஆடுகிறாள், கப் கப்பாகக் கொண்டுவந்து அலமாரியில் வைக்கிறாள். பெல்ட்டைக் கொளுத்திப் பார்க்கச் சீனாவரைக்கும் வந்தவன், இரண்டு பிளாக் தள்ளியிருக்கிற கிளப்புக்கு ஒரு நாளும் போகவில்லை. கடைக்காரப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். லின்னும் காத்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. இரண்டையும் கொடுங்கள் என்றேன். மீந்த நோட்டெல்லாம் அதோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்க் கேட்டவரும் பேனா கேட்டவரும் வந்து, பெட்டியைத் திறக்கும்வரை நின்று, பார்த்துவிட்டு, குளிர் எப்படி என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்கள். வசந்தாவிடம் விருந்துக் கதையைச் சொன்னேன். கு அம்மாளின் சட்டை வரைக்கும் கேட்டாள். புளிக்காய்ச்சலை அந்தம்மா ரெண்டாந்தரம் வாங்கினாங்களா என்று மட்டும் மறுபடி கேட்டுக்கொண்டாள். பிறகு பேட்டுகளைப் பார்த்தாள்.

"ஒண்ணுக்குத்தானே பட்ஜெட் போட்டோம்?" என்றாள்.

ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டுமே என்று நான் பெரிய மனுஷனாக ஆரம்பித்தேன். அதற்குள் மலர் கட்டைக் கைப்பிடி பேட்டை எடுத்து, விரலுக்கிடையில் பேனா மாதிரி பிடித்து, மணிக்கட்டை இரண்டு தடவை சுழற்றிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த நிமிஷம் இன்னொரு பேட்டின் கைப்பிடியைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. கோபமெல்லாம் இல்லை. உள்ளே போய்த் தன் பழைய பேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கைப்பிடியைப் பாதிக்கு மேல் ரம்பத்தால் அறுத்து, டேப் சுற்றியிருந்தது.

"கிளப்புல இப்படிப் புடிக்கிறது நான் ஒருத்திதான்ப்பா. இதுக்கு பேட் இங்க கிடைக்காது. அதான் கோச் சைனா பேட் கேட்டார். நான் இப்படிப் புடிக்கிறது பிளாக் முழுக்கத் தெரியும்" என்றாள்.

நீளக் கைப்பிடி பேட்டைத் திரும்பவும் உறையில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு உங்களுக்கு என்ன ஷிப்ட்டு?"

"ரெண்டாவது."

"மாத்திக்க முடியுமா?"

கல்யாணத்துக்கு மாற்றியிருக்கிறேன், சினிமாவுக்கு மாற்றியிருக்கிறேன். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு, என் ஷிப்ட்டுக்கு ஆள் பிடிக்கச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.